துருப்பிடித்த முன் அச்சு: பலமா, பக்குவமா?

'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, தானே பழுது பார்க்க இறங்கும் நம் இளைஞர்கள் பலர், இந்தப் பழமொழியை அப்படியே சுத்தியலில் கட்டிக்கொண்டு விடுகிறார்கள். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பாகம் அசைய மறுத்தால் அடி; அதற்கும் அசையாவிட்டால் இன்னும் பெரிய சுத்தியல். கடைசியில் அம்மி நகர்வதில்லை, உடைகிறது. சில வேளைகளில் அடிப்பவரின் கையும் சேர்ந்தே உடைகிறது.

துருவேறி இறுகிப்போன முன் அச்சுப் பாகங்களை எப்படிக் கழற்றுவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதே இந்த வார அரங்கின் பேச்சு. இது வெறும் மெக்கானிக் சமாச்சாரம் அல்ல. காரின் பாரத்தைத் தாங்குவதும், ஓடும் திசையைத் தீர்மானிப்பதும் முன் சக்கரங்கள்தாம். அங்கே அரைகுறையாகச் செய்த வேலை, நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் தன் முகத்தைக் காட்டும்.

ஏன் இறுகுகிறது?

பனி பொழியும் நாடுகளில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அங்கே கார்கள் துருப்பிடிப்பதில் வியப்பில்லை. நம் நாட்டில்தான் பனியே இல்லையே என்று கேட்கலாம். பனி இல்லை, ஆனால் ஆண்டு முழுவதும் ஈரம் இருக்கிறது, மழை இருக்கிறது, கிள்ளான் துறைமுகம், பினாங்கு, கோல திரெங்கானு போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் இருக்கிறது. இதற்கு மேல் வெள்ளம். 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் எத்தனையோ கார்கள் சேற்று நீரில் மூழ்கிக் கிடந்தன. இருக்கையைக் காய வைத்து, எஞ்சினைச் சுத்தம் செய்து ஓட்டத் தொடங்கியவர்கள் பலரும் சக்கரத்துக்குப் பின்னால் புகுந்த சேற்றை மறந்துவிட்டார்கள். ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார்களிலும், அந்நாட்டின் பனிப் பகுதிகளில் ஓடியவை அடிப்பாகத்தில் துருவோடுதான் இங்கே வந்து இறங்கும்.

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. உப்பு அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே தலைமயிர் அளவுகூட இடைவெளி இல்லை. அதற்குள் துரு பருத்து உப்பும்போது இரண்டும் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகின்றன. ஆகவே நாம் போராடுவது நட்டோடு அல்ல, அந்த இடுக்கில் இருக்கும் துருத்தூளோடு. அதை நனைத்து, நொறுக்கி, வெளியேற்றினால் நட்டு தானாக வழிக்கு வரும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த வேலையில் இது வருகிறது?

1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா தொடங்கி வீரா, கன்சில், மைவி வரை நம்மவர்கள் அதிகம் வைத்திருக்கும் கார்கள் முன் சக்கரத்தால் இழுபடுபவை. கியர்பாக்ஸிலிருந்து இரு பக்கமும் டிரைவ் ஷாஃப்ட் என்னும் தண்டு புறப்பட்டு, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பைத் திருப்புகிறது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் உள்ளே புகும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்று சத்தம் கேட்டால், பெரும்பாலும் வெளி மூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். இந்தத் தண்டை மாற்றத்தான் பலர் வீட்டிலேயே இறங்குகிறார்கள். கூலி மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் பழைய காரில் இந்த ஒரு வேலையில் நான்கு முரட்டு இடங்கள் காத்திருக்கின்றன: நடு நட்டு, டை ரோட் முனை, பால் ஜாயிண்ட், ஹப்புக்குள் சிக்கிய தண்டு. வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் உயிர், பிறகு கார்

காரோடு கொடுக்கப்படும் ஜேக், டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். முன்பக்கத்தைத் தூக்கியதும், காரின் கையேடு காட்டும் இடத்தில் இரும்பு ஸ்டாண்டுகளை வையுங்கள். ஸ்டாண்டு இல்லை என்று சிமெண்டுக் கல்லை அடுக்குவது பெரிய ஆபத்து. உள்ளே பொள்ளலான அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். அடியில் போகும் முன் காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். இறுகிய நட்டோடு மல்லுக்கட்டும்போது கார் இதைவிடப் பலமாக ஆடும் என்பதை மறக்க வேண்டாம்.

கண்ணாடி அணியுங்கள். தெறிக்கும் துருத்தூள் கண்ணைப் பார்த்துத்தான் வரும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். வீட்டில் யாராவது ஒருவருக்கு நீங்கள் காருக்கு அடியில் இருப்பது தெரிந்திருக்கட்டும்.

வேலை முதல் நாள் மாலையே தொடங்குகிறது

கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் மரைகளை நன்றாகத் தேய்த்துவிட்டு, துருவை ஊடுருவும் எண்ணெயைத் தெளியுங்கள். மிகவும் மெல்லிய எண்ணெய் அது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இடுக்கில் தானாக ஏறும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். தெளித்து ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரைப் போடுவது, அரிசியை ஊற வைத்த கையோடு மாவரைக்க உட்கார்வது போன்றது. மாலையில் ஒருமுறை, படுக்கப் போகும் முன் ஒருமுறை, காலையில் ஒருமுறை தெளியுங்கள். ஒவ்வொரு முறையும் சிறிய சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில் துரு விரிசல் விடும்; விரிசலில் எண்ணெய் இறங்கும். பிரேக் தட்டிலும் பிரேக் பேடிலும் எண்ணெய் படாமல் துணியால் மூடிக்கொள்வது அவசியம்.

முதல் இடம்: நடு நட்டு

சக்கரத்தின் நட்டநடுவில் இருக்கும் பெரிய நட்டு இது. சில கார்களில் இதன் குறுக்கே பிளவு ஊசி செருகியிருக்கும். சிலவற்றில் நட்டின் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருப்பார்கள். முதலில் அந்தப் பூட்டை விடுவியுங்கள். அதைக் கவனிக்காமல் திருகினால் மரை பாழாகும்.

சக்கர நட்டுகளைச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்குவார்கள் என்றால், இந்த நட்டைப் பல கார்களில் 200ஐ ஒட்டியும் அதற்கு மேலும் முறுக்கியிருப்பார்கள். 200 நியூட்டன் மீட்டர் என்றால் ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் 20 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். பத்து ஆண்டுத் துருவையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். சின்ன ராச்செட்டை வைத்து இதைத் திருகினால் ராச்செட்டின் பல்தான் போகும். ஆறு முனை உள்ள தடித்த சாக்கெட்டும், நீண்ட கைப்பிடிக் கம்பியும் தேவை. பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் மூலைகளை வழித்துவிடக் கூடும்.

சக்கரம் தரையில் இருக்க, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நட்டை அசைப்பது பரவலான வழக்கம். சில தயாரிப்பாளர்கள் காரைத் தூக்கிய பின்பே இதைச் செய்யச் சொல்கிறார்கள், கையேட்டைப் பாருங்கள். எப்படியானாலும் நட்டை முழுவதும் கழற்றிவிட்டுக் காரின் பாரத்தைச் சக்கரத்தின் மீது வைக்காதீர்கள், காரை உருட்டாதீர்கள். பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது அந்த நட்டுதான்.

நட்டு அசையாவிட்டால், முதலில் ஒரு நூலளவு இறுக்கும் பக்கம் தள்ளிப் பாருங்கள். 'டிக்' என்று துரு உடையும் சத்தம் கேட்டதும் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். அரைச் சுற்று வந்ததும் மீண்டும் கால் சுற்று உள்ளே, பிறகு எண்ணெய், பிறகு வெளியே. மரையிலுள்ள தூளை இப்படித்தான் வெளியேற்ற முடியும்.

இரண்டாவது, மூன்றாவது இடங்கள்: டை ரோட், பால் ஜாயிண்ட்

ஸ்டியரிங்கின் சொல்லைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது டை ரோட். சக்கரத்தைக் கீழ்க் கையோடு இணைப்பது பால் ஜாயிண்ட். இரண்டின் முனையும் கூம்பு வடிவம். நட்டைக் கழற்றிய பிறகும் அந்தக் கூம்பு தன் ஓட்டைக்குள் ஆப்புபோல் இறுகியே இருக்கும். இங்கேதான் பலர் பொறுமை இழந்து போல்ட்டின் முனையில் ஓங்கி அடிக்கிறார்கள். முனை காளான்போல் விரிந்து மரை நாசமாகிவிடும்; கூம்பு மட்டும் அசையாது.

நல்ல மெக்கானிக் எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று மரை பிடித்திருக்க விடுகிறார். பிறகு போல்ட்டை விட்டுவிட்டு, அது நுழைந்திருக்கும் இரும்புக் காதின் பக்கவாட்டில் அடிக்கிறார். ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைப்பாக வைத்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஓரிரு உறுதியான அடி. காது ஒரு கணம் நெளிந்து மீள்கிறது. கூம்பு 'டப்' என்று விடுபடுகிறது. நட்டை விட்டு வைத்தது ஏன் என்பது அப்போதுதான் புரியும். அழுத்தத்தில் இருந்த கீழ்க் கை திடீரென்று விழுந்து காலையோ கையையோ பதம் பார்க்காமல் அந்த நட்டு தடுக்கிறது. பழமொழி சொன்ன அடி இதுதான். எத்தனை அடி என்பதைவிட எங்கே அடி என்பதே முக்கியம். காது அலுமினியத்தில் வார்த்ததாக இருந்தால் அடிக்கவே வேண்டாம், விரிசல் விடலாம், புல்லர் மட்டுமே.

புல்லர் கையில் இருந்தால் மற்றக் கார்களிலும் அதுவே மேல். புல்லரைப் போட்டு நன்றாக இறுக்கி, சற்று நேரம் அப்படியே விட்டுவிட்டுப் பிறகு காதில் ஒரு தட்டு. இரண்டு பல் கொண்ட முள்கரண்டி போன்ற கருவியும் கடையில் கிடைக்கும். அது ரப்பர் உறையைக் கிழித்துவிடும் என்பதால், பாகத்தைத் தூக்கி எறியப் போகிறோம் என்றால் மட்டும் பயன்படுத்தலாம்.

நான்காவது இடம்: ஹப்புக்குள் சிக்கிய தண்டு

தண்டின் முனையில் நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும்; அது ஹப்பின் உட்பல்லோடு பொருந்தி நிற்கும். அத்தனை பல்லிலும் துரு ஏறினால் இரண்டும் ஒரே இரும்பாகிவிடும். நட்டை முனையோடு சமமாக நிற்கும்படி திருகி வைத்து, அதன்மேல் கெட்டிக் கட்டையோ பித்தளைத் துண்டோ வைத்துத் தட்டிப் பாருங்கள். நான்கைந்து அடிக்கும் அசைவில்லை என்றால் நிறுத்துங்கள். அந்த ஒவ்வோர் அடியும் பேரிங்கின் உருண்டைகள் வழியாகத்தான் போகிறது. இப்படி அடி வாங்கிய பேரிங் சில மாதங்களில் 'உம்' என்று ஊளையிடத் தொடங்கும். ஹப் புல்லரைச் சக்கர போல்ட்டுகளில் மாட்டி, நடுத்திருகால் தண்டைத் தள்ளுவதுதான் சரியான முறை. எண்ணெய் தெளித்து, இறுக்கி, காத்திருந்து, மீண்டும் இறுக்க வேண்டும்.

தண்டு வெளிவந்ததும் அதைத் தொங்கவிடவோ வெளிப்பக்கம் இழுக்கவோ கூடாது. சில கார்களில் உள் மூட்டு கழன்றுவிடும். கியர்பாக்ஸிலிருந்து தண்டை உருவும்போது எண்ணெய் கொட்டும், அடியில் பாத்திரம் வையுங்கள். பிரேக் கேலிப்பரைக் கழற்றியிருந்தால் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் ரப்பர்க் குழாயில் தொங்க விடாதீர்கள். ஏ.பி.எஸ். சென்சார் உள்ள காரில் அதைப் பிடுங்க முயல வேண்டாம். பிளாஸ்டிக் உடல் கொண்ட அந்தச் சென்சார் துருவில் இறுகியிருந்தால் உடைந்துதான் வரும். மறுமுனையில் வயரைப் பிரித்து விடுவதே நல்லது.

நெருப்பு: கடைசி ஆயுதம்

சூடாக்கினால் இரும்பு விரியும். 20 மில்லிமீட்டர் ஓட்டையை 200 பாகை சூடேற்றினால் அது ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் விரிகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த அளவே துருவின் பிடியை உடைக்கப் போதும். பட்டறைகளில் இதனால்தான் கேஸ் விளக்கைக் கையில் எடுக்கிறார்கள்.

ஆனால் வீட்டில் இதைச் செய்ய நான் பரிந்துரைக்க மாட்டேன். முன் சக்கரத்தைச் சுற்றிலும் ரப்பர் உறை, கிரீஸ், பிரேக் குழாய், சற்று முன்பு நாமே தெளித்த எண்ணெய் என எல்லாமே எரியக் கூடியவை. வாயு அடைத்த அப்சோர்பரில் சூடு பட்டால் வெடிக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் நெருப்பைக் காட்டினால் கொடிய நச்சு வாயு உண்டாகும். நெருப்பு தேவைப்படும் கட்டம் வந்துவிட்டால், அது பட்டறைக்குப் போக வேண்டிய கட்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நேயர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

டபிள்யூ.டி.40 போதாதா? அது 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் உருவானது. நீரை விரட்டும் கலவைக்கான 40ஆவது முயற்சி என்பதே அந்தப் பெயரின் பொருள். அதாவது ஈரத்தை விரட்டித் துரு வராமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. லேசாக இறுகிய நட்டுக்கு அது உதவும். பல ஆண்டுத் துருவுக்கு, ஊடுருவுவதற்கென்றே தயாரித்த எண்ணெய் நல்லது. அதே நிறுவனமும் அப்படி ஒன்றைத் தனியே விற்கிறது.

எஞ்சின் ஆயிலையோ சமையல் எண்ணெயையோ ஊற்றலாமா? இரண்டும் கெட்டியானவை, இடுக்கில் இறங்காமல் மேலேயே வழிந்து மண்ணைச் சேர்க்கும்.

போல்ட் முறிந்துவிட்டால்? உள்ளே தங்கிய துண்டை எடுக்க அதன் நடுவில் துளையிட்டு, பிடுங்கும் கருவியைத் திருக வேண்டும். அந்தக் கருவி கடினமானது. ஆகவே எளிதில் ஒடியக் கூடியது. அதுவும் உள்ளே முறிந்தால் வேலை இரட்டிப்பாகும். முறிந்த இடத்தில் நிறுத்திவிடுவதே சிக்கனம்.

பேரிங்கையும் வீட்டிலேயே மாற்றலாமா? அழுத்திப் பொருத்திய பேரிங்குக்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். நக்கிளைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய் அழுத்தி வாங்கி வரலாம். மிகவும் துருவேறியிருந்தால், ஹாஃப்-கட் கடையில் அதே காரின் நல்ல நக்கிளை ஹப்போடு வாங்கி மாட்டுவதும் உண்டு. பால் ஜாயிண்டையும் டை ரோட் முனையையும் மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

மாட்டுவதில்தான் முழு வேலை

கழற்றிய பெருமையில் மாட்டுவதை அவசரமாக முடிப்பவர்கள் உண்டு. பழைய பிளவு ஊசியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். நடு நட்டும் புதிதாக இருக்கட்டும். தண்டின் பல்லில் துரு நீக்கி, இறுகாமல் காக்கும் பசையை மெல்லப் பூசலாம். கூம்புகளில் பூசக் கூடாது. அவை உலர்ந்து இறுகியே நிற்க வேண்டும். மரைகளிலும் கையேடு சொல்லாமல் பூசாதீர்கள். வழுக்கும் மரையில் அதே முறுக்கு அளவு அதிக இறுக்கத்தைக் கொடுத்துவிடும்.

இறுக்கும் அளவைக் கை மதிப்பீட்டில் விடாமல் டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்குங்கள். டை ரோட் முனையை மாற்றியிருந்தால் அலைன்மெண்ட் பார்ப்பது கட்டாயம். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்?

நட்டின் மூலை வழிந்துவிட்டால், போல்ட் ரப்பர்போல் நெகிழத் தொடங்கினால், கீழ்க் கையிலோ நக்கிளிலோ விரிசல் தெரிந்தால், துரு இரும்பையே தின்று தகடு தகடாகப் பெயர்ந்தால், அல்லது உங்களுக்குக் கோபம் வந்துவிட்டால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்கு அல்ல. களைப்பும் கோபமும் சேரும்போதுதான் ஸ்டாண்டு இல்லாமல் அடியில் போவோம், கம்பியின் முனையில் ஏறி நின்று குதிப்போம். இழுவை வண்டியை அழைப்பது தோல்வி இல்லை. பாதியில் நிறுத்திய வேலையை மெக்கானிக் முடித்துத் தருவார்; அரைகுறையாக மாட்டிய பால் ஜாயிண்ட் நெடுஞ்சாலையில் கழன்றால், சக்கரம் மடிந்து கார் நம் கட்டுப்பாட்டை விட்டே போய்விடும்.

இந்த வேலைக்கு மிகவும் தேவையான கருவி எந்தக் கடையிலும் விற்பதில்லை. அது நேரம். எண்ணெய் ஊற ஓர் இரவு வேண்டும், புல்லர் இழுக்கச் சில மணி நேரம் வேண்டும், ஏதாவது முறிந்தால் உதிரிப் பாகம் தேட இன்னொரு நாள் வேண்டும். ஆகவே வாசகர்களே, ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். தீபாவளிக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே 'டக் டக்' சத்தத்துக்குக் காது கொடுங்கள். பதறாத காரியம் சிதறாது.